ஐந்து மணிக்குள் ஒரு கல்லூரி

திருமலையில் பத்தாயிரம் மொட்டைத் தலைகளுக்கு நடுவே என் மகனின் தலையை ஒரே பார்வையில் கண்டுபிடித்தவள் நான். பத்தாயிரம் என்பது மிகை. இருநூறு இருக்கும். ஒரே பார்வை என்பதிலும் கொஞ்சம் பேரம் பேசலாம். ஆனால் அன்றைக்கு அந்தத் தலை கிடைக்காமல் போயிருந்தால், ஐந்து மணி அடித்ததும் என் பேத்தி கன்னிகாவின் மூன்று வருட உழைப்பு காற்றில் போயிருக்கும். இதில் மட்டும் ஒரு சொட்டு மிகையும் கிடையாது.

கன்னிகா நகரியில் பிறந்தவள். அவள் அப்பா முனிகிருஷ்ணன், அதாவது என் மகன், விசைத்தறிச் சத்தம் காதுக்கு ஒத்துக்கொள்ளாமல் திருப்பதிக்கு வந்து ஒரு புடவைக் கடையில் சேர்ந்தான். இருபத்தாறு வருடமாக அதே கடை, புடவை விரிக்கும் அதே மெத்தை. அவள் அம்மா வெங்கடலட்சுமி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருக்கும் நேரம் காலம் இல்லாத வேலை. அதனால் பிள்ளை பிளஸ் டூ முடியும் வரை சித்தூரில் என்னிடம் வளர்ந்தாள். நான் அங்கே முப்பத்து மூன்று வருடம் கணக்கு டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள் என்று நானே சொல்லிக்கொள்வது வழக்கம்.

பொறியியல் முடித்ததும் அவளுக்கு ஸ்ரீசிட்டியில் ஏசி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நானும் ஓய்வு பெற்றுத் திருப்பதிக்கு வந்துவிட்டிருந்தேன். காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ். ஏர்பேடு தாண்டும் வரை தூங்குவாள், பிறகு புத்தகத்தைத் திறப்பாள். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு அவள் படித்ததெல்லாம் அந்த ஜன்னலோர இருக்கையில்தான்.

எம்.பி.ஏ. ஆசை எப்படி வந்தது என்றால், ஒரு கூட்டத்தில் வந்தது. இயந்திர வரிசையில் எங்கே தாமதம் ஆகிறது என்று மூன்று வாரம் நின்று, கணக்கெடுத்து, இவள் ஓர் அறிக்கை எழுதினாள். மேலாளர் ஒருவர் அதைத் திரையில் போட்டு, தான் எழுதியதுபோலப் படித்தார். இவள் ஓரிடத்தில் தப்பாகப் போட்டிருந்த எண்ணையும் சேர்த்துப் படித்தார். கேள்வி வந்தபோது இவள் கையைத் தூக்கினாள். "நீங்க உக்காருங்க" என்றார்களாம். அன்று வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"ஆயா, நான் அந்தப் பக்கம் உக்காரணும்."

மூன்று முறை தேர்வு எழுதினாள். மூன்றாவது முறை, மே மாதத்தில், ஒரே வாரத்தில் இரண்டு இடங்களிலிருந்து கடிதம் வந்தது. ஒன்று நாக்பூர். வேலையை விட வேண்டும், இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டும், கல்விக் கடன் வாங்க வேண்டும், ஆனால் படித்து வெளியே வந்தால் நிச்சயம் அந்தப் பக்கத்து நாற்காலி. இன்னொன்று சென்னை. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. வேலை இருக்கும், சம்பளம் இருக்கும், திருப்பதியிலிருந்து பஸ் இருக்கும், இரவு வீட்டுச் சோறு இருக்கும். நாற்காலி எப்போது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

இரண்டுக்கும் ஒரே கெடு. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் சம்மதம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும்.

அந்தப் பத்து நாளில் பிள்ளை பாதியாகிவிட்டாள். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் போட்டாள். தூரம், கடன், வேலை வாய்ப்பு, பேராசிரியர்கள் என்று பதினொரு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டினால் சென்னை ஜெயித்தது. மறுநாள் பார்த்தேன், தூரத்துக்குப் பதினைந்து மதிப்பெண் இருந்த இடத்தில் ஐந்துதான் இருந்தது. அதற்கும் மறுநாள் அது மூன்றாகியிருந்தது. விடையை முதலில் வைத்துக்கொண்டு வழிமுறை எழுதும் பிள்ளைகளை நான் முப்பத்து மூன்று வருடம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் அபிப்பிராயம் சொல்லிப் பிள்ளைகளைக் குழப்பக் கூடாது என்பது என் கொள்கை.

அப்பனைக் கேட்டாள்.

"நைனா, நீ சொல்லு. எது?"

"ரெண்டுமே நல்லாத்தான்மா இருக்குது."

"ரெண்டுல எதுன்னுதானே கேக்கறேன்?"

"எது எடுத்தாலும் உனக்கு எடுப்பா இருக்கும்மா."

"நைனா, நான் கஸ்டமர் இல்ல!"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நாற்பது புடவையை விரித்துப் போட்டுவிட்டு, இதுதான் நல்லது என்று ஒருநாளும் சொல்லாமல் இருப்பதுதான் அவன் தொழில். இதுதான் என்று சொன்னால் மீதி முப்பத்தொன்பதும் மட்டம் என்றாகிவிடும், முதலாளி சும்மா விடமாட்டார்.

ஆனால் அவன் ஒரு காரியம் செய்து வைத்திருந்தான். மகளுக்கு இடம் கிடைத்தால் முடி கொடுப்பதாக வேண்டுதல். எங்கள் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். ஆகவே வரம் கிடைப்பதற்கு முன்பே நன்றிக்குத் தேதி குறித்தாக வேண்டும். பிப்ரவரியில், இவள் நேர்முகத் தேர்வுக்குப் போன அன்றே, அவன் தனக்கும் மகளுக்கும் எனக்குமாக மூன்று டிக்கெட் எடுத்துவிட்டான்; வெங்கடலட்சுமிக்கு லீவு கிடைக்காது. தேதி எது தெரியுமா? அதே புதன்கிழமை. காலை பத்து மணி.

"நல்லதாப் போச்சி," என்றான். "சாமியப் பாத்துட்டு ரெண்டு மணிக்கெல்லாம் கீழ வந்துடலாம். மனசு தெளிவா இருக்கும். அப்புறமா அமுக்கு."

அவளும் சரி என்றாள். முடிவெடுக்காமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்தது அவளுக்கு.

அலிபிரியில் பஸ் ஏறினோம். முன்னொரு காலத்தில் அங்கிருந்து மலைக்குப் போகும் படிகளை நான் ஒன்றரை மணி நேரத்தில் ஏறியிருக்கிறேன், நம்புகிறவர்கள் நம்பலாம். மேலே போய் முதலில் முனிகிருஷ்ணன் முடி கொடுத்தான். தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையில் வெளியே வந்தபோது, எனக்கே அவன் வேறு யாரோ போலத் தெரிந்தான். மூன்று பேரின் போனையும் கவுன்ட்டரில் ஒப்படைத்தோம். ஒரே டோக்கன் கொடுத்தார்கள். அதை அவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பதினோரு மணிக்கு ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூட விடுமுறை, கூட்டம் அலைமோதியது. பால் வந்தது. உப்புமா வந்தது. கதவு திறக்கவில்லை. ஒரு மணி ஆனது. சாம்பார் சாதம் வந்தது. கதவு திறக்கவில்லை.

எங்கள் வரிசையில் கடிகாரம் கட்டியிருந்தவள் நான் ஒருத்திதான். ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த கடிகாரம்.

"ஆயா, மணி இன்னா?"

"ஒண்ணே முக்கால்."

"ஆயா, இப்போ?"

"ஒண்ணு அம்பது. கொஞ்ச நேரம் சும்மா இருடி."

பக்கத்தில் ஏர்பேட்டிலிருந்து வந்த வெங்கடம்மா என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் கால் ஆடுவதைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். அவ்வளவுதான், கூடமே கன்னிகாவின் கல்லூரியை எடுத்துக்கொண்டது.

"எது வூட்டுக்குப் பக்கம்?" என்றாள் வெங்கடம்மா.

"சென்னை."

"அப்போ இன்னா யோசனை? போனோமா, படிச்சோமா, வூட்ல வந்து சோறு துன்னோமான்னு இருக்கலாமே!"

பின்னாலிருந்து ஒருவர், ரயில்வேயில் இருந்தவராம், தெலுங்கும் தமிழும் கலந்து நாக்பூர் வெயிலைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். அங்கே ஆரஞ்சுப் பழம் மலிவு என்பதால் அதுவே நல்லது என்று வேறொருவர் தீர்ப்புச் சொன்னார். கன்னிகா காதைப் பொத்திக்கொள்ளாத குறை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரலே சிவந்துபோயிருந்தது.

"ஆயா, நான் வெளிய போயிடட்டுமா? மணி இன்னா?"

கடிகாரத்தில் மூன்றேகால். நான் மூன்று என்றேன்.

பொய்தான். அவள் அப்பனைப் பார்த்தேன். சந்தனத் தலையோடு கண்ணை மூடி, கைகூப்பி உட்கார்ந்திருந்தான். மகள் எழுந்து போய்விட்டால் அந்த முகம் என்ன ஆகும் என்று தோன்றியது. கால் மணி நேரம்தானே என்று நினைத்தேன். அதன் பிறகு அவள் கேட்கும்போதெல்லாம் அந்தக் கால் மணியைக் கழித்துத்தான் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பொய்யை நடுவில் திருத்தினால் இரண்டு பொய்யாகிவிடும் அல்லவா?

கதவு திறந்தது. ஓடினோம், நின்றோம், நகர்ந்தோம், நின்றோம். பத்து நாள் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு சன்னிதிக்கு வந்தவளுக்கு எண்ணி இரண்டு விநாடி கிடைத்தது. "ஜரகண்டி, ஜரகண்டி" என்று ஒரு கை அவளை நகர்த்திவிட்டது.

வெளியே வந்ததும் கேட்டேன், "சாமிகிட்ட கேட்டியா?"

"எங்க ஆயா கேட்டேன்? போன் கவுன்ட்டர் எங்கன்னுதான் ஞாபகம் வந்துச்சி." கண்ணில் நீர் நின்றது. "மணி இன்னா?"

இனி மறைக்க முடியாது. "நாலே முக்கால்."

"இப்போதான நாலேகால்னு சொன்ன!"

"நடந்து வந்தோமில்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை.

கவுன்ட்டருக்கு ஓடினோம். எழுபத்து நான்கு வயதில் நான் ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டோக்கன் கேட்டார்கள். டோக்கன் முனிகிருஷ்ணனிடம். முனிகிருஷ்ணன் எங்கே? கூட்டத்தில் எங்களைவிட்டுப் பிரிந்தவன், சாமியைப் பார்த்துவிட்டு லட்டு வாங்காமல் எப்படி வருவது என்று லட்டு வரிசையில் போய் நின்றுவிட்டிருந்தான்.

அங்கே போய்ப் பார்த்தால், இருக்கிற ஆண்களில் பாதிப் பேர் மொட்டை. எல்லாத் தலையிலும் சந்தனம். எல்லார் உடம்பிலும் வெள்ளை வேட்டி. "நைனா!" என்று இவள் கத்தினாள். ஏழெட்டு மொட்டைகள் திரும்பின. ஒன்றும் அவள் அப்பன் இல்லை. இருபத்தேழு வருடமாகப் பார்த்த முகம், முடி போனதும் கூட்டத்தில் கரைந்துவிட்டது. "போச்சி ஆயா, எல்லாம் போச்சி" என்று நடு வழியில் நின்று தேம்பினாள்.

அப்போதுதான் நான் என் திறமையைக் காட்டினேன். அவனுக்கு நாலு வயதில் தறியின் மேல் விழுந்த தழும்பு பின்மண்டையில் உண்டு. பெற்றவளுக்குத் தெரியாதா? மொட்டைகளின் கடலில் கண்ணை ஓட்டினேன். அதோ தழும்பு! கையைப் பிடித்து இழுத்தேன். டோக்கன் வந்தது, போன் வந்தது. மணி நாலு ஐம்பத்தைந்து.

வெளிச் சுவரோரம் மூவரும் நின்றோம். போனில் மெயில் பக்கம் திறக்காமல் சுற்றியது, சுற்றியது, திறந்தது. இரண்டு கடிதங்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக. அவள் விரல் இரண்டுக்கும் நடுவே நின்றது.

"எதை அமுக்கட்டும்?" என்றாள்.

நான் நிதானமாகச் சொன்னேன்: "எத்தன புடவை விரிச்சாலும், எதைத் திருப்பிக் குடுக்க மனசு வராம கையில புடிச்சிக்கினு இருக்காங்களோ, அதுக்குத்தான் பில். இந்தப் பத்து நாளா நீ எதைப் புடிச்சிக்கினு இருக்க?"

விரல் நாக்பூரின் மேல் இறங்கியது. நாலு ஐம்பத்தெட்டு.

இவ்வளவு எழுதி முடித்தபோது, சங்கராந்தி விடுமுறைக்கு வந்திருக்கும் கன்னிகா என் தோளுக்குப் பின்னால் முறுக்கைக் கடித்தபடி நின்று படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் முறுக்கு நின்றது. அவள் சொன்னதை அப்படியே எழுதாவிட்டால் இந்தத் தாளைக் கிழித்துவிடுவேன் என்கிறாள். எழுதுகிறேன்:

"ஆயா, நீ புடிச்சி இழுத்தது யாரோ நெல்லூர்க்காரர. பாவம், அவரு லட்டுப் பையக் கீழ போட்டுட்டாரு. நைனாவக் கண்டுபுடிச்சது நானு. வரிசையில நின்னுக்கினே தோள்ல இருந்த துண்ட எடுத்து, கடையில பொடவைய மடிக்கிற மாதிரி ஓரத்தோட ஓரம் வெச்சி மடிச்சிக்கினு இருந்தாரு, அந்தக் கையப் பாத்தேன். புடவை, பில்லுன்னு சொன்னதும் நைனாதான். நீ இன்னா சொன்ன தெரியுமா? என் கையப் புடிச்சிக்கினு, 'சென்னைய அமுக்குடி கண்ணு, ராத்திரிக்கு வூட்டுக்கு வந்துடலாம்'னு சொன்ன. அத எழுது."