இடது பக்கம் கேட்காத ஜால்ரா

அந்தச் சனிக்கிழமை ஹெட்போன் வாங்கப் போனபோது எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. கடையில் ஒன்றைத்தான் சொன்னேன். வேலைக்குப் போகவர பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், எஞ்சின் இரைச்சலில் பாட்டே கேட்பதில்லை, பேஸ் நன்றாக இடிக்க வேண்டும், விலை அதிகம் போகக்கூடாது என்றேன். இரண்டாவது காரணம், அதே பஸ்ஸில் எனக்கு மூன்று இருக்கை பின்னால் உட்காரும் அக்காவின் குரல் என் காதில் விழக்கூடாது என்பது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அக்கா எனக்குச் சொந்தம் இல்லை. தெப்ராவில் எங்கள் தொழிற்சாலையின் பிரஸ் லைனில் மெஷின் ஓட்டுபவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கூலாயில் என் வீட்டிலிருந்து இரண்டு தாமான் குடியிருப்பு தள்ளி வசிக்கிறார். நான் அந்த லைனுக்கு செட்டர். தகட்டை வெட்டும் இரும்பு அச்சை மெஷினில் பூட்டி, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. சோதிப்பது பெரும்பாலும் காதால்தான். அச்சின் முனை உடையத் தொடங்கினால், மெஷின் இடிக்கிற இடிக்கு நடுவே மெல்லிசாக ஒரு 'டிங்' வரும். அதைப் பிடிப்பதற்காக, காதில் செருகியிருக்கும் அடைப்பானைப் பிடுங்கிவிட்டுத் தலையை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோவோம். பாதுகாப்பு அதிகாரி கண்டால் ஏசுவார். அவர் தலை மறைந்ததும் திரும்பவும் பிடுங்குவோம். சுவிட்சுப் பெட்டி வலது கைப்பக்கம் இருப்பதால், மெஷினுக்குக் கொடுப்பது எப்போதும் இடது காதுதான்.

புதன்கிழமை காலை அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"தம்பி, டிங்கு டிங்குன்னு ஒரு சத்தம் வருது. கொஞ்சம் வந்து பாருங்க."

போனேன். மெஷினை ஓட்டச் சொல்லி, அடைப்பானைப் பிடுங்கிக் காதை வைத்தேன். வழக்கமான இடியைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்லக்கா. ஓட்டுங்க."

"இல்ல தம்பி, வருது. நல்லாக் கேளுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும். "இருவது வருசமா இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க எனக்கு சொல்லித் தர்றீங்களா?" என்றேன். பக்கத்து மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அடுத்த தகட்டை எடுத்து மெஷினில் விட்டார். தாளில் 'சத்தம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அரை மணி நேரத்தில் அச்சு வெடித்தது. சிதறிய துண்டு மெஷினின் காவல் கதவில் பட்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அச்சு போனது போனதுதான். வேறு அச்சு வரும்வரை லைனும் நின்றது. மேலாளர் எங்கள் இருவரிடமும் அறிக்கை கேட்டார். நான் சோதித்தபோது சத்தம் எதுவும் இல்லை, ஆப்பரேட்டர் தகட்டைக் கோணலாக விட்டிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். 'விட்டிருக்கலாம்' என்று எழுதும்போது ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. நான் கேட்காத சத்தம் எப்படி வந்திருக்க முடியும்?

வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் கடிதம் வந்தது. திங்கள் காலை பத்து மணிக்கு விசாரணை. அவருக்கு மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. குற்றம் அவர் தலையில் விழுந்தால் அதைப் புதுப்பிக்க மாட்டார்கள். அந்த வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரோ பஸ்ஸில் பக்கத்துப் பெண்ணிடம் மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அந்தக் குரல் என் முதுகில் ஊர்ந்தது.

எங்கள் பஸ்ஸில் யாரும் இரண்டு காதிலும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். ஓட்டுநரான மலாய்ப் பெரியவர், எங்களுக்குப் பாக்சிக், தாமான் பெயரை ஒரு தடவைதான் கூப்பிடுவார். வாசலில் ஆள் இல்லையென்றால் போய்க்கொண்டே இருப்பார். அசந்து தூங்கியவர்களும் பாட்டில் மயங்கியவர்களும் நெடுஞ்சாலையோரம் இறங்கி நடந்த கதைகள் நிறைய உண்டு. அதனால் எல்லோருக்கும் ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது பாக்சிக்குக்கு. நான் உட்காருவது இடப்பக்க ஜன்னலோரம். வலது காதை நடைபாதைப் பக்கம் விட்டுவிட்டு, இடது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, எஞ்சினை மிஞ்சும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டுவேன். கொஞ்ச காலமாக முழுசாகக் கூட்டினாலும் போதவில்லை. மலிவுச் சாமான், இவ்வளவுதான் வரும் என்று நினைத்திருந்தேன்.

கடை ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில், போன் உறைகளுக்கு நடுவே இருந்தது. கடைக்காரப் பெண்மணி சீனர், என் வயதிருக்கும். பின்புறம் மூடிய வகைதான் எனக்குச் சரி என்று மலாயில் விளக்கினார். வெளிச் சத்தம் உள்ளே வராது, உள்ளே இருக்கும் பேஸும் வெளியே கசியாது, அதனால் சத்தத்தைக் குறைத்து வைத்தாலே போதும் என்றார். குறைத்து வைப்பதா? நான் தலையை மட்டும் ஆட்டினேன். நூற்றைம்பது வெள்ளி விலைக்குள் மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சோதித்துப் பார்க்க என்னிடம் ஒரு பதிவு இருந்தது. எங்கள் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் வாசித்த குழுவுக்கு நடுவே நின்று நானே பிடித்தது. வலப்பக்கம் உறுமி, இடப்பக்கம் ஜால்ரா. உறுமியின் அடி நெஞ்சுக்கூட்டில் வந்து விழும். ஜால்ரா அதன் தலைக்கு மேலே சில்லென்று ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டு ஸ்பீக்கரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

முதல் ஹெட்போனை மாட்டினேன். பேஸ் பிரமாதம். ஜால்ராவைக் காணோம். இடப்பக்கம் துணி சுற்றி வைத்ததுபோல் மங்கலாக இருந்தது.

"இது ரோசாக். இடப்பக்கம் கெட்டுப் போச்சு," என்றேன்.

அவர் இரண்டாவதைக் கொடுத்தார். அதன் பஞ்சு காதை முழுசாக மூடியது, பேரங்காடியின் இரைச்சல் பட்டென்று அடங்கியது. உறுமி அதிர்ந்தது. இடப்பக்கம் அதே துணி. மூன்றாவதிலும் அதேதான்.

"எல்லாத்துலயும் இடப்பக்கம் சரியில்ல. பழைய ஸ்டாக்க தள்ளிவிடுறீங்களா?" குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பாஸ், ஜாங்கான் மாரா லா," கோபப்படாதீர்கள் என்று மலாயில் என்னைச் சமாதானப்படுத்திவிட்டு, மூன்றாவதை என் தலையிலிருந்து அவரே மெதுவாகக் கழற்றினார். வலது இடதை மாற்றித் திரும்ப மாட்டிவிட்டார்.

ஜால்ரா வந்தது. வலது காதில், சில்லென்று, ஒரு தட்டு விடாமல் வந்தது.

இடது காதில் இப்போது உறுமி இருந்தது. அதன் அடி மட்டும். கோல் தோலில் உராயும் கீச்சுச் சத்தம் இல்லை.

 ஹெட்போனில் ஒரு குறையும் இல்லை என்பது முதலில் புரிந்தது. அதற்கு அடுத்த நொடியே புதன்கிழமை புரிந்தது. ஜால்ராவும் அச்சின் 'டிங்'கும் ஒரே ஜாதி. மெல்லிசு, கூர்மை. மெஷினுக்கு நான் கொடுத்தது இந்தக் காதைத்தான்.

கடைக்காரப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவரிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றியது, கேட்கவில்லை. மூன்றாவதையே வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் மனுஷனாக இல்லை. காதுக்குப் பக்கத்தில் விரலைத் தேய்த்துப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வலது காதில் வைத்தேன், டிக் டிக். இடது காதில் வைத்தேன், ஒன்றும் இல்லை. மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க, கடிகாரத்த காதுல வச்சிக்கிட்டு?"

"பேட்டரி முடிஞ்சிருச்சான்னு பாக்குறேன்."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அது புதுசும் இல்லை. ஆண்டுதோறும் தொழிற்சாலைக்கு ஒரு வேன் வரும், காதுப் பரிசோதனைக்கு. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் உட்காரவைத்துப் 'பீப்' கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். இடது காதுக்கு வரும்போது எனக்குப் பாதி கேட்காது. ஆனால் அது மூன்று மூன்றாக, ஒரு தாளத்தில் வரும். உறுமி கேட்டு வளர்ந்தவனுக்கு அடுத்த தட்டு எங்கே விழும் என்று தெரியாதா? கணக்காக அமுக்கித் தேறினேன். வெளியே வந்து என் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். தேறாவிட்டால் செட்டர் வேலை போய்விடும், ஸ்டோரில் பெட்டி எண்ணப் போடுவார்கள். அந்தப் பயத்தைச் சாமர்த்தியம் என்று பூசி மெழுகியிருக்கிறேன்.

சும்மா இருந்துவிடலாம் என்றும் யோசித்தேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அன்று மத்தியானம் வரை அதைத்தான் யோசித்தேன். என் காது யாருக்குத் தெரியும்? அந்தக் கடைக்காரப் பெண்மணிக்குத் தெரியும், அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. அறிக்கை கொடுத்தாகிவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். நான் இவ்வளவு மட்டமான ஆள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

திங்கள் காலை பஸ்ஸில் ஏறினேன். ஹெட்போன் பையில் இருந்தது. அக்கா வழக்கமான இடத்தில், இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பெண் அன்று விடுப்பு. என் இருக்கையைத் தாண்டிப் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"அக்கா, அன்னிக்கு சத்தம் வந்துச்சு. எனக்குத்தான் கேக்கல. இந்தக் காது போச்சு."

அக்காவின் உதடு அசைந்தது. என்னவோ சொன்னார். பஸ் அப்போதுதான் கியர் மாற்றி நெடுஞ்சாலையில் ஏறியது. ஒரு சொல்கூட எனக்கு எட்டவில்லை.

"என்னக்கா?"

அவர் எழுந்தார். என்னை ஜன்னலோரம் நகரச் சொல்லிக் கை காட்டினார். நகர்ந்தேன். சுற்றி வந்து என் வலப்பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குது."

"ரெண்டு வருசமா இந்தப் பக்கம் வந்துதான் தம்பி உங்ககிட்ட பேசறோம். நான் மட்டும் இல்ல, லைன்ல எல்லாருந்தான். அந்தப் பக்கம் நின்னா நீங்க திரும்ப மாட்டீங்க."

 மரியாதைக்காகச் சுற்றி வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். செட்டர் இல்லையா!

"அப்ப ஏன்க்கா உங்க அறிக்கையில அத எழுதல?"

"எழுதுனா உங்க வேல போயிடும்ல." அவர் குரலில் பாசம் எதுவும் இல்லை. கோபம்தான் இருந்தது. "நீங்களே சொல்லட்டும்னு பாத்தேன். அஞ்சு நாளாச்சு. நீங்க பாட்டுக் கேட்டுக்கிட்டு போறீங்க."

 தெப்ராவ் வரும்வரை நான் பையை மடியில் வைத்துக்கொண்டு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பத்து மணிக்கு விசாரணை அறை. நீளமேசை. எதிரே மனிதவள அதிகாரி, கோடியில் அக்கா. மேலாளர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து என் அறிக்கையைப் புரட்டினார். அவர் தமிழர்தான், ஆனால் ஆபீசுக்குள் மலாயைத் தவிர வேறு பேசமாட்டார். ஏதோ கேட்டார். குளிர்சாதனப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அவர் வாய் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு சிரிப்போ, தலையாட்டலோ போட்டுத் தப்பித்துவிடுவேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்றேன்.  மலாய் எல்லாம் மறந்துவிட்டது.

"சார், இந்தப் பக்கம் வந்து கேளுங்க. அந்தக் காது எனக்குக் கேக்காது."

இப்போது நான் ஸ்டோரில் இருக்கிறேன். அக்கா அதே மெஷினில் இருக்கிறார். போன நரம்பு திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்கிறேன். சில நாள் இடம் வலம் மாற்றி மாட்டி ஜால்ராவைக் கேட்பேன். பாக்சிக் கூப்பிடுவது எனக்குக் கேட்காது. அக்கா இறங்குவது எனக்குப் பிறகுதான். அந்தத் திங்களுக்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் என் தாமான் வரும்போது பின்னாலிருந்து எழுந்து வந்து என் வலது தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்கிறார்.