இடது சுவர், மூன்றாவது பீப்பாய்

முப்பது வருடத் தபால்காரன் வேலையில் ஒரு கடிதத்தைக்கூட நான் வீடு மாற்றிக் கொடுத்ததில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே ஊரைச் சலிக்க வைத்தவன் நான்.

ஜெர்மனியின் பிராங்கோனியாவில் எங்கள் ஊருக்கே பொதுவாக ஒரு பியர் கொப்பரைதான். பிப்ரவரியில் அதில் முளைகட்டிய பார்லியைக் காய்ச்சி, ஆளுக்கொரு பங்கு சாற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் நொதிக்க வைப்போம். பிறகு பீப்பாயில் அடைத்து, பாறையைக் குடைந்த ஊர்ப் பொது நிலவறையில் மாதக்கணக்கில் குளிரில் போட்டுவைப்போம். எல்லோருக்கும் ஒரே சாறுதான். ஆனாலும் பக்கத்து வீட்டு எர்ஹார்டின் பியர் நுரைத்துப் பொங்கும். என்னுடையது இருபத்தாறு வருடமாகக் கழுநீர். பாறையைத் திட்டினேன், மரத்தைத் திட்டினேன், ஈஸ்ட்டைத் திட்டினேன். என்னை மட்டும் விட்டுவைத்தேன்.

அந்த வருடம் மே மாதம் மகள் ஆஃப்ராவுக்குக் கல்யாணம். விருந்தில் பெண்ணின் தகப்பன் வடித்த பியரை ஊற்றியே ஆக வேண்டும்.

"அப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி என் மானத்தை வாங்கிடாதீங்க" என்றாள் ஆஃப்ரா.

மனைவி குனிகுண்டா நேரடியாகவே சொல்லிவிட்டாள்: "ஏங்க, இந்த வருஷமாவது கல்யாணம் வரைக்கும் பீப்பாய் அடைப்பைத் தொடக் கூடாது. தொட்டீங்க, சோறு கிடையாது."

ருசி பார்க்காமல் எப்படித் தெரியும்? வருடா வருடம் பார்ப்பவன்தான் நான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அவள் உருளைக்கிழங்கு உருண்டை பிடிக்கும் நேரமாகப் பார்த்து நிலவறைக்கு நழுவினேன். லாந்தர் அடுப்படியில் அவள் தலைக்கு மேலேயே தொங்கியது. அதை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் இருட்டில் வாசலிலிருந்து கையால் தடவி எண்ணினேன். இடது சுவர், மூன்றாவது பீப்பாய். அடைப்பைப் பிடுங்கி, ரப்பர் குழாயை விட்டு, ஒரு மடக்கு. சந்தேகத்துக்கு இன்னொன்று, சந்தேகம் தீரும்வரை இன்னும் பல. அடடா, என்ன ருசி! இப்படியே பன்னிரண்டு ஞாயிறும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

"இந்த வருஷம் பாருடா எர்ஹார்ட், அசந்துபோவே" என்றேன்.

"உன் பியரையா? முதல்ல மாட்டுக்கு வச்சுப் பாரு. அது குடிச்சா நானும் குடிக்கிறேன்" என்றான் அவன்.

கல்யாணத்தன்று அவனும் ஒரு பீப்பாயைப் பரிசாக உருட்டி வந்தான். முற்றத்தில் அதில்தான் முதலில் குழாயை அடித்து இறக்கினார்கள். சீறும் சத்தமே இல்லை. பாதிப் பீப்பாய் காலி, மீதி செத்த தண்ணீர். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

எர்ஹார்டின் முகம் வெளுத்துவிட்டது. "அடைப்பைத் தொடவே இல்லையே கங்கோல்ஃப். அடைச்ச வாரமே, இடது சுவர்ல முதலா கிடந்த என் காலிப் பீப்பாயை வளையம் மாத்த வெளியே கொண்டுபோனேன். வேற எதையும் நான் தொடல."

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். முதல் பீப்பாய் வெளியே போயிருந்தால், மூன்றாவதாக இருந்த என்னுடையது இரண்டாவதாகியிருக்கும். நான் மூன்றாவது என்று எண்ணியது அவனுடையது.

அடுத்து என் பீப்பாய். அடித்ததும் சீறியது, நுரை பொங்கியது. மாப்பிள்ளையின் அப்பா குடித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "கங்கோல்ஃப், இப்படி ஒரு பியரை நான் குடிச்சதே இல்ல!" எல்லோரும் கை தட்டினார்கள். இருபத்தாறு வருடம் நான் ஏங்கிய கைத்தட்டல். எர்ஹார்ட் மட்டும் தன் பீப்பாயைத் தள்ளிக்கொண்டு வாசல் பக்கம் போனான். பார்க்கப் பொறுக்கவில்லை.

"டேய், நில்லுடா. உன்னோடதைக் குடிச்சது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். குனிகுண்டா மெதுவாகக் கேட்டாள்: "அப்போ நம்ம பீப்பாயை பன்னிரண்டு வாரமும் நீங்க தொடவே இல்ல?"

"இல்ல."

"அடைப்பைத் திறந்து திறந்து நீங்களே காத்தை விட்டுட்டு, இருபத்தாறு வருஷமா அந்தப் பாறையைத் திட்டுனீங்களே, பாவி மனுஷா!"

முற்றமே வெடித்துச் சிரித்தது. எர்ஹார்ட் என் பியரில் ஒரு குவளையைக் காலி செய்து, வாயைத் துடைத்தான். "அடுத்த வருஷமும் நாக்கு அரிச்சா சொல்லு. பாதிரியார் பீப்பாய் வலது சுவர்ல இருக்கு."

நிலவறைச் சாவியை குனிகுண்டா அன்றைக்கே அவனிடம் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான்தான் உருண்டை பிடிக்கிறேன்.