ஆடு கடித்த மாங்கன்று

காவாந்தண்டலத்தில் கோவிந்தம்மாள் சித்தியிடம் யாரும் புதுப்புடவையைக் காட்டி நல்லா இருக்கா என்று கேட்பதில்லை. நன்றாக இல்லையென்றால் இல்லை என்றே சொல்லிவிடுவாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "பொண்ணு நல்லா சமைப்பா, ஆனா காலையில எழுப்பறதுக்குள்ள உசுரு போயிடும்" என்று சொன்னவள் அவள். அப்படியும் அவள் மகள் ஞானசுந்தரியைப் பெருநகர் என்கிற ஊருக்குக் கட்டிக்கொண்டு போனார்கள் என்றால் மாப்பிள்ளை நல்லவர் என்றுதான் அர்த்தம்.

அந்தச் சித்தி வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னாள். அது எனக்குத் தெரியும்.

எங்கள் வீடும் சித்தி வீடும் பக்கத்துப் பக்கம். நடுவில் ஒரு முள்வேலி. என் அம்மா ராணியம்மாள் அந்தக் குடும்பத்துக்கு மூத்த மருமகள், சித்தி இளையவள். எங்கள் தோட்டத்தில் ஒரு நாட்டு மாமரம் உண்டு. காயைக் கடித்தால் பல் கூசிச் சோறு இறங்காது. அம்மா வருஷா வருஷம் அதில் நாலைந்தை வேலிக்கு மேலே நீட்டி, "இந்தாடி, உங்க வூட்டுலதான் ஒண்ணும் காய்க்கலயே" என்பாள். அம்மா மாங்காயைத்தான் சொன்னாள். ஆனால் ஞானசுந்தரிக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. வார்த்தை போய் விழுந்த இடம் வேறு. இரண்டு நாளைக்குச் சித்தி வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் கீழே விழுந்து உருளும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் சித்தி ஒட்டு மாங்கன்று ஒன்றை வாங்கி வந்தாள். பங்கனபள்ளி. பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டு, அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். தோட்டத்தில் குழி தோண்டி நட்டாள். "கெயங்கு மாதிரி காய்க்குமாம்க்கா" என்று வேலிக்கு மேலே சொன்னாள். கன்று கொடுத்தவர் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்: ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். அது காட்டு மாங்காயின் துளிர். விட்டால் சாரத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும், மேலே ஒட்டு பட்டுப்போகும். சித்தி காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போய்க் கிள்ளிவிட்டு வருவாள்.

மரம் இடுப்பு உயரம் வந்தபோது ஞானசுந்தரி முழுகாமல் இருக்கிற சேதி வந்தது. மசக்கையில் சுருண்டு கிடந்த மகளைப் பார்க்கப் போன சித்தி, வளைகாப்பு முடிந்து அவளையும் அழைத்துக்கொண்டுதான் திரும்பினாள். மரத்தைச் சடையப்பன் சித்தப்பா பார்த்துக்கொண்டார். நன்றாகவே பார்த்துக்கொண்டார். கீழே இருந்து கிளம்பிய காட்டுத் துளிரின் தளதளப்பைக் கண்டு மனம் குளிர்ந்து, அதற்கு ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, வாழை நாரால் கட்டியும் வைத்திருந்தார்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகீற?" என்று சித்தி போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக் கோழிகள் பறந்தன.

கட்டை விரல் பருமனுக்கு அந்தக் காட்டுக் கிளை நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் ஒட்டு மஞ்சள் பாரித்து இலை உதிர்த்துக்கொண்டிருந்தது. சித்தி அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"புள்ளத்தாச்சி கீற வூட்டுல பச்ச மரத்துல இரும்பு படலாமாடி?"

சித்தியின் கை அப்படியே நின்றது. ஏனென்றால் அது சித்தி சொன்ன வார்த்தைதான். என் அண்ணி முழுகாமல் இருந்தபோது, குழம்புக்கு ஒரு முருங்கைக் கிளையை வெட்டப் போன அண்ணனை இதே வேலி ஓரத்தில் நின்று சித்தி நார் நாராகக் கிழித்திருக்கிறாள். தன் வாயே தனக்கு வினை.

"புள்ள பொறக்கட்டும், வெட்டிக்கறேன்" என்று அரிவாளைக் கூரையில் செருகிவிட்டாள். ஆனால் அதுவரை ஒட்டு தாங்குமா? தினமும் போய் அதன் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்ப்பாள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. முதலில் நுனி வரைக்கும் பச்சை இருந்தது. பிறகு பாதி வரைக்கும். ஒரு நாள் காலையில் ஒட்டுப்போட்ட முடிச்சுக்கு மேலே நாலு விரல் அளவுக்குத்தான் இருந்தது. அன்று சித்தி யாரையும் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு களை எடுக்கப் போய்விட்டாள்.

நான் எங்கள் தோட்டத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். ஞானசுந்தரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல வந்தாள். கையில் அரிவாள். ஒரே வெட்டு. காட்டுக் கிளை சாய்ந்தது. என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, துலக்கிய குண்டானையே மறுபடி துலக்கினேன்.

சாயங்காலம் சித்தி வந்து வெட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"நீ தெனம் சொரண்டிப் பாத்துகினு அழுவறத என்னால பாக்க முடியலம்மா" என்றாள் ஞானசுந்தரி.

"பைத்தியக்காரி, எனக்கு மரமாடி பெருசு?" என்று சித்தி அவள் இரண்டு கைகளையும் மஞ்சள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வெட்டுவாயில் சாணியை அப்பிக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள்.

"யாருடி வெட்டனது?"

"ஆடு கடிச்சிட்ச்சிக்கா."

அம்மா சாய்வாக, சீராக இருந்த வெட்டைப் பார்த்தாள். கொட்டகையில் கட்டிக் கிடந்த ஆட்டைப் பார்த்தாள். "உங்க வூட்டு ஆடு அருவா புடிக்குமா?" என்றாள். சித்தி இன்னும் ஒரு கை சாணியை அள்ளி வெட்டின் மேல் அப்பினாள்.

அன்றிலிருந்து சித்தி கும்பிடாத சாமி இல்லை. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் மகளை யாரும் மன்னிக்க மாட்டார்கள் என்ற பயம் அவளைத் தின்றது.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் ஞானசுந்தரிக்கு வலி கண்டு ஒரு பகல் முழுக்க ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை. அம்மாவும் நானும் துணைக்குப் போயிருந்தோம். பெருநகரிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாள் சொக்கம்மாள் வராந்தாவில் நின்று கேட்டாள்: "புள்ளத்தாச்சி கீற வூட்டுல யாரோ மரத்த வெட்டனாங்கன்னு பேசிக்கறாங்களே, நெசமா?"

சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. பொய் அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு முறை சொன்னதே அவளுக்கு அதிகம். சொல்லிவிடப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"அத ஆடு கடிச்சிதுங்க" என்றாள் என் அம்மா. "வேலி ஓரத்துல நின்னு நானே கண்ணால பாத்தேன். புடிச்சுக் கட்டுங்கடின்னு நான்தான் கத்தனேன்."

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா எங்கேயோ பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே பிள்ளை அழுதது. ஊரையே வாயால் அடக்கிய சித்தி, அம்மா தோளில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாள்.

ஒட்டும் பிழைத்துவிட்டது. அந்த நாலு விரல் பச்சையிலிருந்து துளிர்த்து மரமானது. பேரன் ஊரெல்லாம் ஓடி ஏச்சு வாங்கத் தொடங்கிய வருஷம், கோடையில் முதல் பழங்கள் பழுத்தன. சித்தி ஒரு பழத்தை அறுத்து, நல்ல துண்டாகப் பார்த்து வேலிக்கு மேலே அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா வாங்கவில்லை. கொட்டகைப் பக்கம் மோவாயைக் காட்டினாள்.

"மொதல்ல ஆட்டுக்கு வெச்சிட்டு வாடி" என்றாள்.