மாமியார் பேரில் மாட்டிய கம்பி

லாரிக்காரர்கள் நடுவில் அவருக்கு ஒத்தக்கை என்று பெயர். புதிதாகக் கேட்கிறவர்கள் இன்னொரு கை எங்கே போயிற்று என்று தேடுவார்கள். இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. சுமை ஏற்றிய லாரியை மலைவளைவுகளில் ஒரு கையால் திருப்பிக்கொண்டு, மற்றக் கையால் தாடையைச் சொறிந்துகொண்டு இறங்கி வருவார். அதனால் வந்த பெயர். கண்ணில் புரை விழுந்து, இனி ஓட்டக் கூடாது என்று லைசென்ஸை நிறுத்திவிட்ட பிறகும் பெயர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மனைவிக்கு வண்டி என்றாலே ஆகாது. பஸ் வளைந்தால் போதும், வயிறு வாய்க்கு வந்துவிடும். கைப்பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பை மடித்து வைத்திருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதைச் சொல்லி அவர் சிரிக்காத வீடு கிடையாது.

"நீ ஒரு தையல்காரனைக் கட்டியிருக்கணும். மிஷின் இருந்த இடத்துலயே ஓடும்" என்பார். கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். பாவம், வேறு என்ன செய்வாள்?

மகளை மலைமேல் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அதிர்ந்து பேசாத பிள்ளை. ஆனால் மாமனார் பேச்சு வந்தால் மட்டும் குரல் உயர்ந்துவிடும். "எங்க மாமா லாரி ஓட்டினவர். வண்டிச் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறுன்னு சொல்லிடுவார்" என்று நோயாளிகளிடம்கூடச் சொல்லுவார். அந்தப் பிள்ளை உயரமான சின்ன கார் ஒன்று வாங்கி, மாமனார் மாமியாரை அழைத்துப் போகக் கீழே வந்தார்.

மகள் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஒத்தக்கை தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பின் சீட்டில் உட்கார்ந்தார். முன்னால் பார்த்தால் மகளின் தலையும் சீட்டின் முதுகும். வளைவு எப்போது வரும் என்று தெரியவில்லை, வந்த பிறகுதான் தெரிந்தது. இடப்பக்கம் ஒரு சாய்வு, வலப்பக்கம் ஒரு சாய்வு. நெற்றி வியர்த்தது. எச்சில் ஊறியது. இது என்ன கூத்து என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் மனைவி பையை விரித்து அவர் வாய்க்கு நேராகப் பிடித்துவிட்டாள். அனுபவசாலி, முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள்.

சத்தம் கேட்டு மகள் திரும்பாமலே கேட்டாள். "அம்மாவா?"

"ஆமாடி, நான்தான். ஓரமா நிறுத்தச் சொல்லு."

மனைவி பையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். ஒத்தக்கை வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அந்த மரத்தின் பட்டை எப்படி உரிந்திருந்தது என்பது இன்றைக்கும் அவருக்கு நினைவிருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் மாப்பிள்ளை மாமியாரிடம் போய் நின்றார். "எம்மேலதான் தப்பு அத்தை. வேகமா வந்துட்டேன்."

அப்போதாவது மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அது நடக்குமா? "வேகம் இல்ல மாப்பிள்ளை. வண்டி உயரம், வளைவுல சாயுது. பின்னாடி அடியில இருக்கிற கம்பியை, அந்த ஸ்டெபிலைசர் பாரைத் தடிமனா மாத்திப் போடுங்க. உங்க அத்தைக்குச் சரியாயிடும்" என்றார்.

மனைவி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மாமா சொன்னால் மாப்பிள்ளைக்கு மறுபேச்சு ஏது? கம்பியைத் தேடிப் பிடித்து வரவழைத்தார். மலையடிவாரத்து மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்திப் பழையதைக் கழற்றினார். சுண்டுவிரல் தடிமனில் வளைந்த கம்பி. இந்தப் பக்கச் சக்கரத்தையும் அந்தப் பக்கச் சக்கரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி ஒரு பக்கம் சாயப் பார்த்தால் முறுக்கிக்கொண்டு நின்று, சாயாதே என்று இழுக்கும். புதிய கம்பி கட்டைவிரல் தடிமன். இரண்டு முனையிலும் வெளியே ஒன்று உள்ளே ஒன்றாக ஓட்டைகள்.

"வெளி ஓட்டையில மாட்டுறேன், இதுவே போதும். உள் ஓட்டையில மாட்டினா ரொம்ப விறைப்பு. மழைத் தண்ணியில பின்பக்கம் வழுக்கிட்டுப் போயிடும். என்ன டிரைவரே?" என்றார் மெக்கானிக், கம்பியைக் கவ்வுகிற ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டே.

"ஆமா, ஆமா. போயிடும்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி, "எனக்காகவா இவ்வளவும்?" என்றாள்.

"உங்க வயித்துக்காகத்தான்மா. காரு கேக்கவே இல்ல" என்றார் மெக்கானிக். மாப்பிள்ளை சிரித்தார். ஒத்தக்கை கிரீஸ் டப்பாவின் மூடியைத் திருகித் திறந்து, திரும்ப மூடினார்.

மலையேறிப் பார்த்துவிடலாம் என்று நாலு பேரும் கிளம்பினார்கள். மகள் மேலே வீட்டில் இருந்தாள். மெக்கானிக் முன்னால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில். மனைவி பையை எடுக்கப் போக, "அதான் கம்பி போட்டாச்சே, இன்னும் என்ன பை?" என்று ஒத்தக்கையே தடுத்தார். தனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டார்.

கம்பி நல்ல கம்பி. அதைக் குறை சொல்ல முடியாது. வளைவுகளில் கார் பலகை போல நின்றது. மனைவி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "வீட்ல உக்காந்த மாதிரி இருக்கு மாப்பிள்ளை. கீழ ஆறு தெரியுது பாருங்க. இத்தனை வருஷம் இந்தப் பாதையில நான் கண்ணைத் திறந்ததே இல்ல" என்றாள். பக்கத்தில் ஒத்தக்கைக்கு வியர்த்தது. பல்லைக் கடித்தார். அடுத்த வளைவில் தோளில் கிடந்த துண்டை இழுத்து வாயில் வைத்துக்கொள்ள மட்டும்தான் நேரம் இருந்தது.

வாடை முன் சீட்டுக்குப் போயிற்று. மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டினார். "அத்தை, இன்னும் சரியாகலையா?"

ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள் துண்டைப் பார்த்தாள். "ஆமா மாப்பிள்ளை. திடீர்னு வந்துடுச்சு."

மாப்பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. "அண்ணே, உள் ஓட்டையில மாட்டிடுங்க."

"மழை வரப்போகுது தம்பி. யோசிச்சுக்குங்க."

"நான் மெதுவா ஓட்டிக்கிறேன். அத்தை வந்து போக வேணாமா?"

மெக்கானிக் ஒரு பாயை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தார். லைட் பிடிக்க மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரி வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்தார். அடியிலிருந்து நட் கழலும் சத்தம் கேட்டது. ஒத்தக்கை வாந்தியை வழித்த துண்டோடு நின்றார். மழைநாளில் இதே வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகிற கார் அவர் கண்ணுக்குள் வந்தது. அந்தக் காரின் முன் சீட்டில் மகள் இருந்தாள்.

"மாட்டாதீங்க" என்றார். அடியில் கேட்கவில்லை. குனிந்து திரும்பச் சொன்னார். "மாட்டாதீங்க மாப்பிள்ளை. வாந்தி எடுத்தது நான். அன்னைக்கும் நான்தான்."

அடியில் ஸ்பேனர் நின்றது. யாரும் வெளியே வரவில்லை. வெள்ளைச் சட்டையின் கை லைட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் குரல்தான் வந்தது. "அப்போ நட்டைப் பழைய ஓட்டையிலயே போட்டுரவா?"

"போட்டுருங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஓட்டையிலயான்னு..." சொல்லிக்கொண்டே வந்தவருக்கு, தனக்கு இனி இதைச் சொல்ல என்ன யோக்கியதை என்று தோன்றிவிட்டது. பாதியில் விட்டார்.

பாறையில் செருகியிருந்த குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அங்கே போய்த் துண்டை அலசினார். மனைவி பின்னாலேயே வந்தாள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"இப்போ மாப்பிள்ளை முன்னாடி நான் பொய்க்காரி. ஆமான்னு நான் சொல்லியாச்சில்ல? பேசாம இருந்திருக்க வேண்டியதுதானே? ஊர் உலகத்துல எனக்கு அந்தப் பேரு புதுசா?"

"மழையில வழுக்கும்டி. நம்ம பொண்ணு அதுலதான் போகணும்."

அவள் கார் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் ஏதோ சொல்ல நினைத்தார். தையல்காரன் பேச்சை எடுத்தது, எடுத்து எடுத்துச் சிரித்தது, எல்லாவற்றையும். ஆனால் அலசிய துண்டையே திரும்ப அலசினார்.

"இதுவா அலசுற லட்சணம்? கொடுங்க இங்க."

துண்டைப் பிடுங்கி அவளே கல்லில் தேய்த்தாள். அவர் பக்கத்திலேயே தலையைக் குனிந்தபடி நின்றார். அழுக்குத் தண்ணீர் அவர் காலில் வழிந்து போயிற்று. அவர் காலை நகர்த்தவில்லை.