சங்க் போடுகிறவர்

கத்தியால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டாமல் அவருக்கு வேலை ஓடாது. தட்டுவார், பூசணியைப் பிளப்பார், மறுபடி தட்டுவார். அடுப்புப் பக்கம் ஒரு நடை, குழாயடிக்கு ஒரு நடை, திரும்பி வந்து ஒரே போடு. காலில் சக்கரம் கட்டின ஆள். உட்கார முக்காலி கொடுத்திருக்கிறார்கள். அதில் அவருடைய பழைய சட்டைதான் உட்கார்ந்திருக்கும்.

பெரிய தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் காய்கறி வெட்டுவது அவர் வேலை. எல்லாரும் கூப்பிடுகிற பேர் ‘சங்க்’. மெல்லிசாக அரிந்தால் ஸ்லைஸ், பொடிச் சதுரமாக நறுக்கினால் டைஸ், வாய் கொள்ளாமல் கனமாக விழுந்தால் சங்க் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் செஃப் சொல்லிக்கொடுத்தார். முதல் இரண்டையும் பலகையோடு விட்டுவிட்டார். மூன்றாவது நாக்கில் ஒட்டிக்கொண்டது.

“பஸ்ல ஒரு சங்க் தூக்கம் போட்டேன்” என்பார். “பேப்பர்ல ஒரு சங்க் படிச்சேன், தலைவலி வந்துருச்சு” என்பார். பாத்திரம் கழுவுகிறவர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். அவரிடம், “உன் பேச்சுல ஒரு சங்க் குறைச்சா உசுரா போயிரும்?” ஃப்ரீசரில் உடைக்கிற ஐஸும் சங்க், கழிந்துபோன வயசும் சங்க். “ஆயுசுல பெரிய சங்க் இந்தப் பலகை மேலயே போச்சுப்பா.”

அப்படிப்பட்ட ஆளின் வீட்டில்தான் கட்டியாக எதுவும் ஆகாது என்று வந்து சேர்ந்தது. மனைவிக்குப் பக்கவாதம். பேச்சு திரும்பிவிட்டது. “அதுல மட்டும் ஒரு குறையும் வைக்கல” என்பார் இவர். விழுங்குவதில்தான் தகராறு. கட்டி எதுவும் போனால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடுமாம், கூழாக்கித்தான் கொடுக்கணுமாம். உருளை, கேரட், பட்டாணி எல்லாவற்றையும் வேகவைத்து மிக்சியில் போட்டு ஒரே சுற்று. அந்த அம்மா ஒரு ஸ்பூனுக்கு மேல் வாய் திறப்பதில்லை. ஆள் பாதியாகிவிட்டார். நாளைக் காலையில் டாக்டர் பார்க்கிறார். இன்றைக்கும் சாப்பிடவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய்தான் என்று சொல்லியாகிவிட்டது.

அந்த நினைப்பில் கை தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது. செஃப் வந்து பார்த்தபோது ஒரு கூடைக் கேரட்டும் பொடிப்பொடியாகக் கிடந்தது.

“யோவ், சங்க் கேட்டா சாந்து குழைச்சு வெச்சிருக்கே? நான் என்ன சுவரா பூசப்போறேன்?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. பலகையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். செஃப் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “சரி, அது சூப்புக்குப் போகட்டும். வீட்டுக்கும் கொஞ்சம் கட்டிக்கிட்டுப் போ. போய் அவங்களைப் பாரு.”

வீட்டில் வழக்கம்போல எல்லாம் ஒரே சுற்று. கிண்ணத்தோடு கட்டிலருகே போனார். அந்த அம்மா எட்டிப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஒரு வாய். எனக்காக.”

“உங்களுக்காக எவ்வளவோ முழுங்கியாச்சு.”

“விளையாடாதே. நாளைக்கு மூக்குல ஓட்டை போட வர்றான்.”

“வரட்டும். குழாய்ல போறதும் சேறுதான், நீங்க குடுக்கறதும் சேறுதான். என்ன திங்கிறேன்னே தெரியாம எப்படிங்க உள்ள போகும்? ஊருக்கெல்லாம் துண்டு துண்டா வெட்டிப் போடுற மனுசன், எனக்குன்னு வந்தா எல்லாத்தையும் போட்டுக் கலக்குறீங்க.”

அவர் சண்டைக்குத்தான் வாயைத் திறந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். எழுந்து போனார். அந்தச் சேற்றைக் கொட்டினார், மிக்சியைக் கழுவினார், மீண்டும் அடுப்பைப் பற்றவைத்தார். உருளை தனியாக வெந்தது, அரைபட்டது. கழுவினார். பட்டாணி. கழுவினார். கேரட். அந்தச் சின்னச் சமையலறைக்குள் அவர் நடந்த நடைக்குப் பக்கத்து ஊருக்கே போயிருக்கலாம். தட்டில் மூன்றையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வெள்ளை, பச்சை, ஆரஞ்சு என்று மூன்று குவியலாக வைத்துக் கொண்டுவந்தார்.

அந்த அம்மா தட்டையே பார்த்தார்.

“அது பட்டாணியா?”

“பட்டாணி.”

“இது கேரட்டு.”

“ஆமா. எங்க செஃப்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட கேரட்டு.”

“எதுக்குத் திட்டினாரு?”

“சாப்பிடு, சொல்றேன்.”

“கேரட்டையே முதல்ல குடுங்க.”

ஸ்பூன் நுனியில் எடுத்து ஊட்டினார். உள்ளே இறங்குவதைத் தொட்டுப் பார்க்கணும் என்று நர்ஸ் காட்டிக்கொடுத்திருந்தாள். இரண்டு விரலை மனைவியின் தொண்டையில் லேசாக வைத்தார். விரலுக்கடியில் தொண்டை மேடு எழும்பியது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது, பிறகு மெல்ல இறங்கியது. வாயில் ஒன்றுமில்லாத அவரும் கூடவே ஒரு முழுங்கு முழுங்கினார்.