கண்ணாடிக் கதவுக்கு வெளியே

தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்குகிறேன். நேற்று சங்கு குளிக்கப் போன அண்ணன் இன்னும் கரை திரும்பவில்லை. என்னை அழைத்துப் போக மதினி மட்டும்தான் வருவதாக இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே எங்கள் தெருக்காரர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். மதினியைக் காணவில்லை. கைப்பேசியைத் திறக்கப் பயமாக இருக்கிறது. கதவுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு மாமா கையசைக்கிறார்.

"ஏளா, ஏன் அங்கனயே நிக்க? வெளிய வா!"

ஒருவழியாக வெளியே வருகிறேன். "அண்ணன் எங்க மாமா?"

"நடுக்கடல்ல இன்ஜின் நின்னுட்டு. இன்னொரு போட்டுல கட்டி இழுத்துட்டு வாராவ. இப்பந்தான் பேசுனான். மதினி கரையில காத்துக்கிட்டு நிக்கா."

"பிறகு ஏன் இத்தன பேரு வந்திய?"

"நல்ல சேதிய நாந்தான் சொல்லுவேன்னு ஆளாளுக்கு வேன்ல ஏறிட்டாவ."

எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீட்டுக்கு வேண்டாம் மாமா, நேரா கடற்கரைக்கே போவோம்" என்கிறேன்.