ஆற்றுக்குப் போன ரோட்டு

லின்ஃபீல்டில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிவா, மலேசியாக்காரர், புதிதாக ஒரு கேம்பர்வான் வாங்கியிருக்கிறார். "உள்ளே ஏறிப் பாருங்கண்ணே, வீடு மாதிரி இருக்கு," என்று கூப்பிட்டார். ஷவர், ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் இருந்தன. ஆனால் கதவைத் திறந்ததும் வந்தது, காஸ் அடுப்பும் ஈர மெத்தையும் கலந்த அதே பழைய வாசனை. அது மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்தது. சிவா பாவம், அவர் மேல் இல்லை.

கல்யாணமான புதிதில் எங்களிடமும் ஒரு வான் இருந்தது. குழாய் திருத்துகிற ஒருவர் கழித்துவிட்ட வான். பின்பக்க மெத்தையை நான்தான் வெட்டிப் போட்டேன். அளவு பிழைத்து, படுத்தால் என் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நானும் மனைவி பிலோமினாவும் அப்போது புக்கெகோஹி என்கிற ஊரில் வெங்காயம் பொதி செய்யும் கொட்டகையில் வேலை. கிழமை முழுக்கத் தூசும் சருகும். சனிக்கிழமை வந்தால் மலைப்பக்கத்துக் கிரவல் ரோட்டுகளைத் தேடி ஓடிவிடுவோம். பிலோ மன்னார்க்காரி. நூலகத்தில் வரைபடங்களைப் பிரதி எடுத்து, பொதுவழிகளைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டு வைத்திருப்பாள். ஓட்டுவது நான், போகுமிடம் சொல்வது அவள். இன்றைக்கும் அப்படித்தான், வான்தான் இல்லை.

டவுமருனுயி என்கிற சிற்றூர் தாண்டி அப்படி ஒரு ரோட்டு. ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஏறி இறங்கி ஓர் ஆற்று வளைவில் போய் முடியும். ஒருமுறை அங்கே தங்கிவிட்டு ஞாயிறு மத்தியானம் திரும்பினால், வரும்போது திறந்திருந்த கேட்டில் சங்கிலி, பூட்டு. பக்கத்தில் பண்ணை ஆள் ஒருவன். இது தனியார் ரோட்டு, நாளைக்கு முதலாளி வந்த பிறகுதான் திறப்பேன் என்றான். உங்கள் நாட்டில் கேட் எல்லாம் கிடையாதா என்றும் கேட்டான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்களுக்கு வேலை. இந்த நாட்டில் இருப்பதற்கான விசாவே அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவனிடம் "சொறி, சொறி" என்று குழைந்துகொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"நீங்கள் ஏன் சொறி சொல்லுறியள்? நாங்கள் என்னத்தைக் களவெடுத்தனாங்கள்?" என்றாள் பிலோ.

அந்த ரோட்டுக்கும் சிவப்புக் கோடு போட்டிருந்த வரைபடத்தை அவனிடம் நீட்டினாள். அவன் பார்க்கவேயில்லை. அந்த நேரம் ஆடு ஏற்றிய லொறி ஒன்று பண்ணைக்குள்ளிருந்து எங்கள் பின்னால் வந்து நின்றது. எங்களை ஓரம் கட்டச் சொன்னான். லொறியை மட்டும் விட்டுவிட்டுத் திரும்பப் பூட்டுவது அவன் எண்ணம்.

"வானை நடு ரோட்டிலயே விடுங்கோ. ஒரு அங்குலம்கூட அரக்கக்கூடாது," என்றாள் பிலோ.

நான் அசையவில்லை. லொறிக்காரர் இறங்கி வந்து வரைபடத்தைப் பார்த்தார். இது எல்லோருடைய ரோட்டும்தானே என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போய் எஞ்சினை நிறுத்தி, சான்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார். ஆடுகள் கத்தின. கால் மணி நேரத்தில் சங்கிலி அவிழ்ந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. ஹமில்டன் வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து வந்த பிலோ, அதற்குப் பிறகுதான் அழுதாள்.

போன கோடையில் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனோம். இப்போது கல்மதில், மின்சாரக் கேட். உள்ளே வசதியானவர்கள் வந்து தங்குகிற விடுதியாம். உள்ளூராட்சி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். ரோட்டைச் சட்டப்படி மூடியாயிற்று, அறிவித்தல் போட்டோம், ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று பதில். எங்கே போட்டார்கள்? வெங்காயம் பொதி செய்கிறவன் கண்ணில் படுகிற இடத்திலா?

"இட்ஸ் ஜஸ்ட் அ ரோட், அப்பா," என்றாள் மகள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் அந்தத் தண்ணீரில் கால் வைத்ததில்லை. இனி வைக்கவேண்டுமென்றால் விடுதியில் அறை எடுக்க வேண்டும். ஆறு அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் போகிற வழியை நாலு வரிக் கடதாசியில் இல்லாமல் செய்துவிட்டார்கள்.